மாங்கனியும் மதிப்பெண்ணும்

ஓவியத்தைக் கொண்டு மனத்தை அளக்கும் சோதனைகளில் ஒன்று பார்ப்பதற்கு மிக எளியது. ஒரு வெள்ளைத் தாள், பன்னிரண்டு நிறப் பேனாக்கள், ஒரே ஒரு வேண்டுகோள்: ஒருவர் மரத்திலிருந்து ஆப்பிள் பறிப்பதை வரையுங்கள். அமெரிக்க ஓவியச் சிகிச்சையாளரான லிண்டா கான்ட், கார்மெல்லோ டபோனுடன் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட கையேட்டின்படி, அந்தப் படத்துக்கு 14 அளவுகோல்களில் மதிப்பெண் போடுவார்கள். நிறம் பொருளுக்குப் பொருந்துகிறதா, கோடு நடுங்குகிறதா, தாளில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது, படத்தில் உள்ளவர் பழத்தை எப்படி எட்டுகிறார் என்றெல்லாம் பார்ப்பார்கள். சிகிச்சைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். இரண்டுக்கும் உள்ள மதிப்பெண் வேறுபாடுதான் முன்னேற்றம்.

இந்தத் தாளைக் காரைக்காலில் ஒரு பிள்ளையிடம் நீட்டிப் பார்க்கலாம். ஆப்பிளைத் தள்ளுவண்டியில் பார்த்திருக்கும், மரத்தில் பார்த்திருக்காது. சரி, மாம்பழம் என்று மாற்றிக்கொள்வோம். மாற்றினால் சிக்கல் தீராது, கூடும். இது காரைக்கால் அம்மையாரின் ஊர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் கையை உயர்த்திப் பிடிக்கும். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை மரமே இல்லாமல், மேலிருந்து பழம் மழையாகக் கொட்டுவதாகவும் கீழே நூறு கைகள் நீண்டிருப்பதாகவும் வரைந்தால் என்ன மதிப்பெண்? மரம் இல்லை, பறிப்பவரும் இல்லை. சிக்கலைத் தீர்க்கும் திறன் என்ற கட்டத்தில் மிகக் குறைந்த எண் விழும். பிள்ளையோ தன் தெருவில் நடப்பதை உள்ளபடி வரைந்திருக்கிறது.

சரியாகச் சொல்லப்போனால் அம்மையாரே இந்தச் சோதனையில் தேறமாட்டார். மாங்கனியின் அற்புதத்தைக் கண்டு அஞ்சிக் கணவன் பரமதத்தன் விலகிப்போன பிறகு, தன் அழகிய உடலை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டவர் புனிதவதியார் என்ற அந்த அம்மையார். வற்றிய மார்பும் எலும்புக்கூடுமாகத் தாளம் தட்டிப் பாடும் அந்தச் செப்புத் திருமேனியை ஓர் உளவியல் மாணவர் பார்த்தால், உடல் குறித்த வெறுப்பு, கடும் மனச்சோர்வு என்று குறித்துவைப்பார். ஊர் அதை வீடுபேறு என்கிறது.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. நோயாளி வரைந்த படத்தையே வெப்பமானியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் கலைச் சிகிச்சையில் வேரோடியிருக்கிறது. உருவம் வரையச் சொல்லிப் பிள்ளையின் அறிவை அளக்கும் முறையை 1926-இல் புளோரன்ஸ் குடினஃப் தொடங்கிவைத்தார். பின்னால் வந்தவர்கள் வீடு, மரம், மனிதன் என்று வரையச் சொல்லி, ஜன்னல் இல்லாத வீடு என்றால் தனிமை, கை இல்லாத மனிதன் என்றால் இயலாமை என்று அகராதியே போட்டார்கள். 2000-இல் ஸ்காட் லிலியன்ஃபெல்டும் வேறு இருவரும் இவ்வகைச் சோதனைகளை ஒன்றுதிரட்டிச் சோதித்தபோது, பெரும்பாலான அடையாளங்களுக்கு அறிவியல் அடிப்படை மெலிந்ததாகவே இருந்தது. அந்த அகராதி இன்னும் பயிற்சி வகுப்புகளில் புழங்குகிறது.

நம் கரையில் இது பெரிய அளவில் நடந்த காலம் ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மாதங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் வட்டாரத்தவர். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்கள் அடிபட்டன. தெற்கே 20 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகள். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல நிறுவனங்கள் தமிழகக் கடற்கரைக்கு வந்து ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உளசமூகப் பயிற்சி கொடுத்தன. படம் வரைதல், களிமண், பொம்மலாட்டம், விளையாட்டு எல்லாம் அதில் அடக்கம். குழந்தைகள் கறுப்பு அலை வரைந்தார்கள். அந்தப் படங்கள் நாளிதழ்களில் வந்தன. சில மாதம் கழித்து அதே குழந்தைகள் சூரியன், தென்னை, ஓட்டு வீடு வரைந்தார்கள். முன் படத்தையும் பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, பாருங்கள், தேறிவிட்டார்கள் என்று காட்டுவதற்கு அறிக்கை எழுதுபவருக்கு இதைவிட வசதி வேண்டாம்.

அந்த அறிக்கையை நம்ப எனக்கு மூன்று தயக்கங்கள். முதலாவது, பிள்ளைகள் சூட்டிகை. அலை வரைந்தால் வரையச் சொன்ன அண்ணன் முகம் வாடுகிறது, சூரியன் வரைந்தால் அக்கா கைதட்டுகிறார் என்பது மூன்றாம் நாளே அவர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது, பேரிடருக்குப் பிறகு பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் காலத்தாலும் உற்றாராலும் தேறிவிடுகிறார்கள். உச்சத்தில் இருக்கும் துயரத்தை அளந்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் அது இறங்கித்தான் இருக்கும். காய்ச்சல் 104-இல் இருக்கும்போது மந்திரித்த கயிறு கட்டினால் கயிற்றுக்குப் பெயர் கிடைப்பது போல, நடுவில் வந்த கிரேயானுக்குப் பெயர் கிடைக்கிறது.

மூன்றாவது தயக்கம் நம் ஊர்ப் பஞ்சாங்கம் சார்ந்தது. இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கையில் காசு இருக்காது, நிவாரணத் தொகை எப்போது வரும் என்று தெரியாது, ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், சண்டையும் கடனும் கூடும். இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு தொண்டு நிறுவனம் நல்ல எண்ணத்தோடு பன்னிரண்டு வாரக் கலைச் சிகிச்சைத் திட்டத்தை ஏப்ரல் கடைசியில் ஒரு மீனவ ஊரில் தொடங்குகிறது. மனச்சோர்வு வினாப்படிவத்தை அப்போது நிரப்புகிறது. ஜூலை நடுவில் மறுபடி நிரப்புகிறது. இடையில் தடை முடிந்து படகு கடலுக்குப் போயிருக்கிறது, மீன் ஏலம் தொடங்கியிருக்கிறது, ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா வந்துபோயிருக்கிறது. மதிப்பெண் அருமையாக உயர்ந்திருக்கும். தூரிகையே தொடாத அடுத்த ஊரிலும் உயர்ந்திருக்கும். அதே திட்டத்தை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் கடைசி வாரத்தில் முடித்தால் வடகிழக்குப் பருவமழையும், கடலில் பாலூற்றிப் பூத்தூவும் ஆழிப்பேரலை நினைவு நாளும் சேர்ந்து, கலைச் சிகிச்சை மனத்தைக் கெடுக்கிறது என்று கணக்குக் காட்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாத அளவீடு இந்தக் கடற்கரையில் பருவத்தைத்தான் அளக்கும்.

வினாப்படிவங்களிடம் வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் நல்வாழ்வுக் குறியீடு ஐந்தே கேள்விகள் கொண்டது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. சிறியது, இலவசம், நல்ல கருவி. அதில் ஒரு கேள்வி, எழுந்தபோது புத்துணர்ச்சியுடன் இருந்தீர்களா என்பது. விடிவதற்கு வெகு முன்பே எழுந்து கடலுக்குப் போகிறவரிடமும், அவர் கொண்டுவரும் மீனுக்காக இருட்டிலேயே கரைக்கு வந்து நிற்கிற பெண்ணிடமும் இதைக் கேட்டால் ஒரு சிரிப்புத்தான் விடையாக வரும். உணர்ச்சிச் சொற்கள் இருபதைக் கொடுத்து எது எவ்வளவு என்று குறிக்கச் சொல்லும் இன்னொரு புகழ்பெற்ற படிவம் 1988-இல் வந்தது. அதில் 'பெருமிதம்' நேர்மறைப் பட்டியலில் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு பெண் தனக்கு மிகவும் பெருமிதமாக இருப்பதாக முன்பின் தெரியாதவர் முன் குறிப்பாரா? கண் படும் என்ற அச்சம் ஒருபுறம், தலைக்கனம் என்று சொல்லிவிடுவார்களோ என்பது மறுபுறம்.

நம் மக்கள் மனத்தைச் சொல்லும் சொற்கள் வேறு. மனசு பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, ஒரு மாதிரியா இருக்கு, எதுலயும் பிடிப்பு இல்ல. இவற்றில் பாதி உடலில் நடக்கிறது, மீதி உறவில் நடக்கிறது. இதற்கு மேல் மரியாதை என்று ஒன்று உண்டு. எட்டு வாரம் மெனக்கெட்டு வந்து சொல்லிக்கொடுத்த பெண் படிவத்தை நீட்டி, இப்ப எப்படிம்மா இருக்கு என்று கேட்கும்போது, அப்படியேதான் இருக்கு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நல்லா இருக்கும்மா என்பார்கள். அது அந்தப் பெண்ணுக்குச் சொல்லும் நன்றி. அதை 5-க்கு 4 என்று பதிந்துகொள்கிறோம். அளக்கிறவரும் சிகிச்சை கொடுத்தவரும் வேறுவேறு ஆளாக இருக்கவேண்டும் என்ற விதியை மேற்கத்திய ஆய்வு நெறி காரணத்தோடுதான் வைத்திருக்கிறது. தாட்சணியம் மிகுந்த நம் ஊருக்கு அது இரட்டிப்பாகத் தேவை.

கடுமையாக அளந்தவர்கள் என்ன கண்டார்கள்? கலைச் சிகிச்சை என்ற பெயரை 1942-இல் வழங்கத் தொடங்கிய ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், காசநோய் மருத்துவமனையில் படுத்தபடி வரைந்து தேறியவர். அவருடைய நாட்டிலேயே எழுபது ஆண்டு கழித்து மிகப் பெரிய சோதனை நடந்தது. மனச்சிதைவு நோயுள்ள 417 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: வழக்கமான சிகிச்சையோடு வாராந்தரக் குழுக் கலைச் சிகிச்சை, அதற்குப் பதில் சாதாரணப் பொழுதுபோக்குக் குழு, வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டாண்டு முடிவில் வேறுபாடு இல்லை. 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளிவந்தபோது ஓவியச் சிகிச்சையாளர்கள் கொதித்தார்கள். அவர்களிடமும் நியாயம் இருந்தது. கலைச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 61 விழுக்காட்டினர்தான் ஒருமுறையாவது வந்தார்கள். வராதவருக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது. ஆனால் வரவழைக்க முடியாததும் ஒரு முடிவுதான் என்பேன்.

நமக்கு இன்னும் நெருக்கமானது வட இலங்கையில் நடந்தது. போர் ஓயாத காலம். ஆழிப்பேரலையும் அடித்துப் போயிருந்தது. 9 முதல் 12 வயதுத் தமிழ்க் குழந்தைகள் 399 பேர். ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள். நாடகம், ஆட்டம், பாட்டு, ஓவியம் ஆகியவற்றோடு சிந்தனைப் பயிற்சிகளும் கலந்த பள்ளித் திட்டம். வீட்சே டோல் தலைமையிலான குழுவில் யாழ்ப்பாண உளமருத்துவர் சிவயோகனும் இருந்தார். 2012-இல் வந்த முடிவுகள் கலவையானவை. மனவடு, சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் ஒட்டுமொத்தமாகப் பயன் தெரியவில்லை. முரட்டு நடத்தை குறைந்தது. மனவடுவிலும் பதற்றத்திலும் பையன்கள் கூடுதல் பயன் பெற்றார்கள். அன்றாடப் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளும் அப்படியே. பெண் குழந்தைகள் விஷயத்தில்தான் என் பேனா நின்றது. திட்டத்தில் சேர்ந்த சிறுமிகளைவிட, முறை வரட்டும் என்று காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்ட சிறுமிகளின் மனவடு அறிகுறிகள்தான் கூடுதலாகக் குறைந்திருந்தன.

அதாவது, இந்த நல்ல காரியம் அந்தச் சிறுமிகள் தாமாகத் தேறிக்கொண்டிருந்ததைத் தாமதப்படுத்தியிருக்கலாம். இதே திட்டம் இந்தோனேசியாவின் போசோ பகுதியில் 403 குழந்தைகளிடம் மனவடு அறிகுறிகளைக் குறைத்ததாக 2008-இல் அறிவிக்கப்பட்டிருந்தது. ஓர் ஊரில் கைகொடுத்தது இன்னோர் ஊரில் ஒரு பாலாருக்கு இடைஞ்சலாகியிருக்கிறது. முன்–பின் படிவத்தை மட்டும் நம்பியிருந்தால் யாழ்ப்பாணத்திலும் சிறுமிகளின் மதிப்பெண் குறைந்திருக்கும், எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். கலையை அளக்கக்கூடாது, அது ஆன்மாவின் மொழி என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தச் சிறுமிகளைத்தான். ஆறப்போகிற புண்ணைக் கிளறுகிறோமா என்பதை வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

எதிர்ப்பக்கத்தில், ஒரு தடவை வரைந்தாலே போதும், மன அழுத்தச் சுரப்பு இறங்கிவிடும் என்ற ஆரவாரம். 2016-இல் அமெரிக்காவில் கிரிஜா கைமலும் குழுவினரும் நலமுள்ள 39 பேரை 45 நிமிடம் களிமண்ணிலும் வண்ணத்திலும் ஈடுபடவைத்து உமிழ்நீரில் கார்ட்டிசோலைப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்தவர் இல்லாதவர் என்ற வேறுபாடும் இல்லை. அழகான முடிவுதான். ஆனால் ஒப்பீட்டுக் குழு கிடையாது. 45 நிமிடம் பூக்கட்டியிருந்தாலும் குறைந்திருக்குமோ என்னவோ. அதைவிட முக்கியமாக, வரைந்து முடித்த நிமிடத்தில் இதமாக இருப்பது ஒன்று, நோயாளியின் உணர்ச்சி வாழ்வு மாறுவது வேறொன்று. கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலும் இதமாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வருகிறதா என்பதுதான் கேள்வி.

இவ்வளவு குறை சொன்னபின்னும் கலைச் சிகிச்சையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல முடியாத சிற்றூரில், படம் வரையப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். காரைக்கால் அப்படிப்பட்ட ஊர். இரண்டு லட்சம் பேர். மருத்துவமனை வாசலில் நின்றால் ஒன்றுவிட்ட அத்தை பார்த்துவிடுவார். பேசவராதவர்களுக்கும், பேசினால் குடும்ப மானம் போகும் என்று அடக்கிவைத்திருப்பவர்களுக்கும் கை ஒரு வழி திறக்கிறது. நெடுநாள் மருந்தில் கை நடுக்கமும் மந்தமும் கண்டவருக்கு ஒரு வேலையை முடித்த நிறைவு கிடைக்கிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் போன்றோர் தமிழகத்து மனநலப் பராமரிப்பில் தொழில்வழி மறுவாழ்வை வற்புறுத்தியதிலும் இந்த அறிவு உண்டு.

மட்டக்களப்பில் 1996-இல் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே தோட்டத்தில் மண்ணும் வண்ணமும் கதையுமாகச் சேர்த்தது. அண்டை ஊர்ப் பிள்ளையைப் பார்த்து இப்போது பயமில்லை என்பதுதான் அங்கே நலம். ஒவ்வொருவராக அளக்கும் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. எங்கள் டெல்டாவின் ஒப்பாரியும் அப்படித்தான். பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து, செத்தவரைச் சொல்லி, தன் குறையையும் சேர்த்துச் சொல்லி அழுவது குழுக் கலைச் சிகிச்சையின் எல்லா இலக்கணத்துக்கும் பொருந்தும். உடல்களை மொத்தமாகப் புதைக்க நேர்ந்த 2004-இன் அந்த நாட்களில் இந்தக் கரையோரத்தில் பலருக்கு முறையான ஒப்பாரிகூட வாய்க்கவில்லை. ஒப்பாரி முடிந்தபின் யாரும் படிவம் நீட்டுவதில்லை. நீட்டினால் எல்லோருடைய மதிப்பெண்ணும் மோசமாகத்தான் இருக்கும். கண் வீங்கி, தொண்டை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அதன் பலன் தெரிவது பதினாறாம் நாளுக்கு மேல்.

2021-இல் வந்த துணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் கலை, நடனச் சிகிச்சையாளர்களும் இடம்பெற்றுவிட்டார்கள். புதுச்சேரிப் பிள்ளையார்குப்பத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியோடு இணைந்து இசைச் சிகிச்சைக்கெனத் தனி மையமே இயங்குகிறது. காரைக்காலில் 2016 முதல் ஜிப்மரின் கிளைக் கல்லூரி இருக்கிறது. ஆகவே, இன்றில்லாவிட்டால் நாளை இங்கேயும் யாரோ ஒருவர் வண்ணப் பெட்டியோடும் படிவக் கட்டோடும் வரத்தான் போகிறார். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் சில உண்டு.

படத்துக்கு மதிப்பெண் போடவேண்டாம். அது வரைந்தவருடையது, வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஐந்து கேள்விப் படிவம் இருக்கட்டும், அதோடு ஒவ்வொருவரையும் அவருக்கு வேண்டிய ஒன்றை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ராத்திரி முழிப்பு வராமல் தூங்கணும், மறுபடி கடலுக்குப் போகணும், மருமகளோடு பேசணும். அதைத்தான் மாதாமாதம் கேட்கவேண்டும், அதுவும் சொல்லிக்கொடுத்தவர் அல்லாத ஒருவர். பக்கத்து ஊரை ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லி அங்கேயும் அதே நாளில் அளக்கவேண்டும். தடைக்காலம், மாங்கனி, டிசம்பர் 26 மூன்றும் உள்ளடங்க ஒரு முழு ஆண்டு பார்க்கவேண்டும். ஆண், பெண் கணக்கைக் கட்டாயம் தனித்தனியே போடவேண்டும். நலம் கெட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி இருக்கவேண்டும். அந்த வரி இல்லாத அறிக்கையை நான் படிப்பதில்லை.

இன்னொரு பட்டியலும் வேண்டும்: இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வராமல் போனவர்கள். வழக்கமாக இவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மீதிப் பேருக்குச் சராசரி போடுவார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய் ஏன் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். வரைந்தால் அழுகை வருகிறது, தாங்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். இன்னொருவர் கூடையை இறக்கி வைத்தபடியே, நீங்க வகுப்பு வச்ச நேரம் மீன் ஏலம் போடுற நேரம்மா என்பார்.